சல்லடையும் சான்றும்

1976ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். விடுதலை பெற்று இருநூறு ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடிக் கொண்டிருந்தது அமெரிக்க நாடு. விடுதலைப் பிரகடனம் பிறந்த பிலடெல்பியா நகரிலோ விழாக் களிப்புக்குக் குறைவில்லை. அந்நகரின் பெயர்பெற்ற விடுதியான பெல்லவ்யூ ஸ்ட்ராட்ஃபோர்டில், ஜூலை 21 முதல் 24 வரை மாநாடு கூடினர் முன்னாள் போர்வீரர்கள். அமெரிக்கன் லெஜியன் என்னும் அமைப்பின் பென்சில்வேனியா மாநிலக் கிளையினர் அவர்கள். குடும்பத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேர். பேசினர், பாடினர், பழைய போர்க்களக் கதைகளைப் பகிர்ந்து கொண்டனர், வீடு திரும்பினர்.

திரும்பியவர்களுள் சிலர் அடுத்த சில நாட்களிலேயே படுக்கையில் வீழ்ந்தனர். கடுங்காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு வலி. நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்தது. மூச்சு முட்டிற்று. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மருத்துவமனைகளில், ஒருவரையொருவர் அறியாத மருத்துவர்களின் கண்முன்னே அவர்கள் மாண்டனர். ஆகஸ்டு முதல் வாரத்தில்தான் இந்தச் சாவுகளுக்குள் ஒரு தொடர்பு இருப்பது வெளிப்பட்டது. மாண்டவர் அனைவரும் அதே மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள்!

இறுதிக் கணக்கின்படி நோயுற்றவர் 221 பேர். மாண்டவர் 34 பேர். இவர்களுள் 182 பேர் மாநாட்டைச் சார்ந்தவர்கள். அவர்களில் 29 பேர் உயிரிழந்தனர். மற்றவர்கள் விடுதிக்கு அருகே தெருவில் நடமாடியவர்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுகளுக்குத் தப்பி வந்த வீரர்களை, ஒரு விடுதியின் கூடத்தில் காத்திருந்த ஏதோ ஒன்று கொன்று போட்டது. அந்த 'ஏதோ ஒன்று' யாது? இக்கேள்விக்கு விடை காண ஐந்து திங்களுக்கு மேலாயிற்று. அந்தத் தாமதத்தின் கதையையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம். ஏனெனில், விடை ஆகஸ்டு மாதத்திலேயே ஓர் ஆய்வாளரின் கண்ணில் பட்டுவிட்டது. கண்டவர் அதனை விடையென்று கருதவில்லை!

காரணம் தெரியாத சாவு மக்களைக் கலக்கும். கலக்கம் கதை கட்டும். நஞ்சு வைத்துக் கொன்றனர் என்றனர் சிலர். போர்வீரர்களுக்கு எதிராகச் சதி நடந்தது என்றனர் வேறு சிலர். கற்றோரும் இதற்கு விலக்கல்லர். அவ்வாண்டு பிப்ரவரியில், நியூ ஜெர்சியிலுள்ள ஃபோர்ட் டிக்ஸ் இராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் எனும் இன்ஃப்ளூயன்சா வகை தலைகாட்டியிருந்தது. கோடிக்கணக்கானோரைக் கொன்ற 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோய் மீண்டும் வருமோ என அஞ்சிய அரசு, நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி போடத் திட்டமிட்டது. ஊசியால் கேடு நேர்ந்தால் இழப்பீடு தருபவர் யார் என்ற வழக்கில் அத்திட்டம் தடைப்பட்டு நின்ற வேளையில்தான் பிலடெல்பியாச் சாவுகள் செய்தியாயின.

இது பன்றிக் காய்ச்சல் அன்று என்று சோதனைகள் சில நாட்களிலேயே காட்டிவிட்டன. எனினும், எழுந்த அச்சம் அடங்கவில்லை. அச்சம் தந்த வேகத்தில் ஆகஸ்டிலேயே சட்டம் நிறைவேறிற்று. அக்டோபரில் ஊசி போடும் பணி தொடங்கி, 4 கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக் கொண்டனர். அரிதான ஒரு நரம்புத் தளர்ச்சி நோய் சிலரிடம் தென்படவே, டிசம்பரில் பணி நிறுத்தப்பட்டது. எதிர்பார்த்த பன்றிக் காய்ச்சலோ பரவவே இல்லை. ஒரு நோயின் பெயர் தெரியாமையால் எழுந்த அச்சம், வேறொரு நோய்க்கான சட்டத்தை உந்தித் தள்ளியது! அறியாமைக்கு ஒரு நாடு கொடுக்கும் விலை மருத்துவமனையோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, உண்மையைத் தேடியவர்களிடம் வருவோம். அட்லாண்டாவிலுள்ள நோய்த் தடுப்பு மையம் தன் ஆய்வாளர்களைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பிற்று. டேவிட் ஃப்ரேசர் என்ற மருத்துவர் தலைமை ஏற்றார். நோயுற்றவர் எங்கே தங்கினர், எதை உண்டனர், எதைக் குடித்தனர், எந்தக் கூட்டத்தில் எத்துணை நேரம் இருந்தனர் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தனர். நோயுறாதவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டனர். விடுதியின் முன்கூடத்தில் நெடுநேரம் இருந்தவர்களுக்கே நோய் மிகுதியாக வந்தது. நோயாளியைப் பேணிய குடும்பத்தாருக்கு அது தொற்றவில்லை. ஆகவே, இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுவதன்று. அவ்விடத்துக் காற்றில் கலந்து வந்ததாகலாம் என்ற முடிவை அவர்கள் எட்டினர். கிருமியைக் காணாமலே, கேள்வியையும் கணக்கையும் மட்டுமே கொண்டு கண்ட முடிவு இது. பின்னர் அதுவே சரியென்று மெய்ப்பட்டது.

ஆனால் ஆய்வுக் கூடத்தில் இருள் விலகவில்லை. இறந்தோரின் நுரையீரல் துணுக்குகளை வழக்கமான ஊட்டக்கூழில் இட்டனர், எதுவும் முளைக்கவில்லை. வழக்கமான சாயம் ஏற்றிப் பார்த்தனர், எதுவும் தெரியவில்லை. வைரஸ் தேடினர், பூஞ்சை தேடினர், நஞ்சு தேடினர். நிக்கல் உலோகத்தின் மீது ஐயம் விழுந்தது, அதுவும் நிலைக்கவில்லை. நவம்பரில் விடுதி மூடப்பட்டது. அதே மாதம் நாடாளுமன்றக் குழு கூடி, ஆய்வு நடந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தது.

அம்மையத்தில் ஜோசப் மெக்டேட் என்றோர் ஆய்வாளர் இருந்தார். ரிக்கட்சியா எனப்படும், உயிரணுக்களுக்குள் மட்டுமே வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆய்வது அவர் பணி. இறந்தோரின் நுரையீரல் துணுக்கைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்குக் காய்ச்சல் கண்டது. அவற்றின் மண்ணீரலைத் தேய்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அரிதாக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோல் வடிவப் பாக்டீரியாக்கள் தென்பட்டன. வழிதவறி வந்து ஒட்டிக் கொண்ட அழுக்கு இது என்று அவற்றைத் தள்ளிவிட்டார். பின்னர், ரிக்கட்சியாவை வளர்க்கும் முறைப்படி, கரு வளரும் கோழி முட்டைகளில் அத்துணுக்கைச் செலுத்தினார். முட்டையில் வேறு பாக்டீரியா புகுந்து கெடுத்துவிடாதிருக்கக் கொல்லி மருந்தையும் கலந்தார். அதுதான் முறை. முறைப்படி எல்லாம் நடந்தது. எதுவும் வளரவில்லை.

வளருமா? தேடப்பட்ட கிருமியே அந்தப் பாக்டீரியாதான்! அழுக்கைக் கொல்லச் சேர்த்த மருந்து குற்றவாளியைக் கொன்று தடயத்தை அழித்துவிட்டது.

அவர் கவனமற்றவரா? இல்லை. கைதேர்ந்தவர், நேர்மையானவர். அவ்வாறாயின் ஏன் தள்ளினார்? மூச்சுறுப்பு நோய்களின் நூறாண்டு வரலாறு, ஆய்வாளர்க்கு இருவேறு எச்சரிக்கைகளை விட்டுச் சென்றிருந்தது. அவற்றுள் ஒன்றை அவர் மறக்கவில்லை. மற்றொன்று அவ்வேளையில் அவருக்கு உதவவில்லை. அவ்விரண்டையும் நாம் அறிந்து கொள்வது நன்று.

முதல் எச்சரிக்கை: காணாததெல்லாம் இல்லாததன்று. 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று அறிவித்தார் இராபர்ட் கோக். அக்கிருமி அதற்கு முன்னும் இருந்தது, நுண்ணோக்கியும் இருந்தது. வழக்கமான சாயம் அதன் மீது ஏறாததால் எவர் கண்ணுக்கும் அது தென்படவில்லை. கோக் சாயத்தின் கலவையை மாற்றினார், காரம் சேர்த்தார், நீலக் கோல்கள் தோன்றின. ஏனைய கிருமிகள் ஓரிரு நாளில் வளரும். இதுவோ இரண்டாம் வாரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்தது. பொறுமையற்றவன் அதற்குமுன் தட்டுகளைக் கழுவி வைத்திருப்பான். காசநோய்க்குக் கிருமி இல்லை என்று நூலும் எழுதியிருப்பான்!

இரண்டாம் எச்சரிக்கை: கண்டதெல்லாம் காரணமன்று. 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர், இன்ஃப்ளூயன்சா நோயாளிகளின் சளியில் ஒரு சிறு பாக்டீரியாவைக் கண்டு, இதுவே அந்நோய்க்குக் காரணம் என்றார். உலகம் நம்பிற்று. 1918இல் கொள்ளைநோய் மூண்டபோது பல ஆய்வுக் கூடங்களில் அக்கிருமி அகப்படவில்லை. அகப்படாதவர்கள் ஃபைஃபரின் கூற்றை ஐயுறாமல், தங்கள் கைத்திறனையே குறைவென்று எண்ணிக் கொண்டனர். பெரியவர் சொல் அத்துணை வலியது! 1933இல் இங்கிலாந்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெயிட்லா ஆகிய மூவரும், பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் நோயாளியின் தொண்டை நீரை வடித்து, அந்நீரால் ஃபெரெட் என்னும் விலங்குக்கு நோயை உண்டாக்கிக் காட்டினர். காரணம் வைரஸ் என்பது தெளிவாயிற்று. ஃபைஃபர் கண்ட பாக்டீரியா வேறு நோய்களைத் தருவது உண்மை. ஆனால் அது செய்யாத குற்றத்தின் பெயரை இன்றும் சுமந்து திரிகிறது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்பதே இன்னும் அதன் பெயர்.

வடிகட்டியாவது பொய் சொல்லாது என்று நம்பலாமா? அதுவும் இயலாது. 1944இல் மன்ரோ ஈட்டன் என்பார், பெனிசிலினுக்கு அடங்காத ஒருவகை நிமோனியாவின் காரணியைப் பிரித்தார். அது வடிகட்டியைத் தாண்டியது. ஆதலின் வைரஸ் என்றே பலரும் கொண்டனர். 1962இல் சானாக், ஹேஃப்லிக், பாரில் ஆகியோர் அதனை உயிரணு எதுவுமற்ற ஊட்டக்கூழில் வளர்த்துக் காட்டினர். மைக்கோபிளாஸ்மா என்னும், சுவரே இல்லாத சின்னஞ்சிறு பாக்டீரியா அது. பெனிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் சுவரை. சுவரே இல்லாதவனிடம் அம்மருந்து என் செய்யும்?

இவை அனைத்தும் உணர்த்துவது யாது? சாயம் ஒரு சல்லடை. ஊட்டக்கூழ் ஒரு சல்லடை. வடிகட்டியும் ஒரு சல்லடையே. ஒவ்வொன்றும் சிலவற்றைப் பிடிக்கும், சிலவற்றை விடும். எதை விடும் என்று அறியாதவன், பிடிபட்டதே உலகம் என்று எண்ணி மயங்குவான். ஃபைஃபரின் பிழையை மறவாத மெக்டேட், கண்டதை உடனே காரணமென்று கூவாமல் நின்றார், அது நன்று. ஆனால் கோக் காட்டிய பொறுமையோடு தன் சல்லடையைத் திருப்பிப் பார்க்க, அவருக்கு டிசம்பர் வரை ஆயிற்று.

அத்திங்களில், ஒரு விருந்தில் அறிமுகமில்லாத ஒருவர், அறிவியலார் இன்னும் விடை காணாதது பற்றித் தம் ஏமாற்றத்தை அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னாராம். அச்சொல் அவரை உறுத்திற்று. கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஏனையோர் இல்லங்களில் களித்திருந்த வேளையில், ஆய்வுக் கூடம் சென்று பழைய கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்தார். மணிக்கணக்காகத் தேடினார். ஓரிடத்தில் கோல் வடிவக் கிருமிகள் கூட்டமாகத் திரண்டிருந்தன. தற்செயலாக வந்து ஒட்டிய அழுக்கு இப்படி ஓரிடத்தில் பல்கிப் பெருகியிராது. இது அவ்விடத்திலேயே வளர்ந்தது என்ற எண்ணம் எழுந்தது.

உறைய வைத்திருந்த மண்ணீரல் துணுக்குகளை மீண்டும் முட்டையில் செலுத்தினார். இம்முறை கொல்லி மருந்து கலக்கவில்லை. முட்டைக் கருக்கள் சில நாட்களில் மாண்டன. உள்ளே கிருமிகள் திரள் திரளாக இருந்தன.

கண்டாயிற்று. ஆனால் கண்டது காரணமா? ஃபைஃபர் தடுக்கி விழுந்த படி இதுவே. மெக்டேட்டும் அவர் துறைத் தலைவர் சார்லஸ் ஷெப்பர்டும் நோயாளிகளின் குருதியையே சாட்சிக்கு அழைத்தனர். கிருமி தாக்கினால் உடல் அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்கும். நோயின் தொடக்கத்தில் எடுத்த குருதியில் அது குறைவாகவும், தேறும்போது எடுத்த குருதியில் மிகுதியாகவும் இருப்பின், தாக்கியது அக்கிருமியே என்று கொள்ளலாம். இலக்கணப்படி இந்நோய் கண்டவர்களென உறுதியான 111 பேரில் 101 பேரின் குருதி அவ்வாறே சாட்சி கூறிற்று. 1977 ஜனவரி 18 அன்று உலகுக்கு அறிவித்தனர். பின்னர் அக்கிருமி லெஜியோனெல்லா நிமோஃபிலா எனப் பெயர் பெற்றது. மாண்ட வீரர்களின் அமைப்பு அப்பெயரில் நிலைத்துவிட்டது.

அதன்பின் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. விடை காணாமல் மூடிய பழைய வழக்குகளின் குருதிக் குப்பிகள் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்துச் சோதித்தனர். 1965இல் வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் பரவிய நிமோனியாவுக்கும் இதுவே காரணம்! 1968இல் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில் சுகாதாரத் துறையின் கட்டடத்திலேயே 144 பேரைக் காய்ச்சலில் தள்ளிய மருமத்துக்கும் இதுவே காரணம்! அங்கு எவரும் இறக்கவில்லை என்பது ஆறுதல். 1947இல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்து, பெயரிடாமல் சேமித்திருந்த ஒரு கிருமியும் இதுவே என்பது 1979இல் தெரிந்தது. முப்பது ஆண்டு அடைத்து வைத்திருந்த கைதியின் பெயரை அப்போதுதான் கண்டனர்! காரணம் தெரியவில்லை என்று ஒப்புக் கொண்டு, தடயத்தைத் தூக்கி எறியாமல் காத்த அந்தப் பெயர் தெரியாப் பணியாளர்களுக்கு அறிவுலகம் கடன்பட்டது. பொய் விடை சூட்டி வழக்கை முடித்திருந்தால், அக்குப்பிகள் என்றோ குப்பைக்குப் போயிருக்கும்.

இக்கிருமி இத்துணை காலம் ஒளிந்திருந்தது எவ்வாறு? வழக்கமான கிராம் சாயம் திசுக்களில் இதன் மீது சரிவர ஏறுவதில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றினால் தெரிகிறது. வழக்கமான ஊட்டக்கூழ் இதற்கு உணவாவதில்லை. சிஸ்டீன் என்னும் பொருளும் இரும்பும் சேர்த்தால் வளர்கிறது. இன்று ஆய்வுக் கூடங்களில் இதற்கெனக் கரி கலந்த கருநிறக் கூழ் ஒன்றே உண்டு. குளங்குட்டைகளிலும் ஈரமண்ணிலும் வாழும் அமீபாவுக்குள் புகுந்து பெருகுவது இதன் இயல்பு. 1980இல் டிமதி ரோபாதம் இதனைக் கண்டறிந்தார். அமீபாவுக்குள் வாழக் கற்ற கிருமிக்கு, நம் நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்களும் மற்றோர் அமீபாவே! காவலன் விழுங்குகிறான், விழுங்கப்பட்டது அவன் வயிற்றிலேயே குடும்பம் பெருக்குகிறது. அணுவுக்குள் ஒளிந்ததை எட்ட முடியாததால் பெனிசிலின் தோற்றது. உள்ளே புகக்கூடிய எரித்ரோமைசின் பெற்றவர்களிலோ பெரும்பாலோர் பிழைத்தனர். பெயர் தெரியாததால் மருந்து தவறியது. மருந்து தவறியதால் உயிர் போயிற்று. கிருமியின் பெயரைத் தேடுவது ஏட்டுப் புலமைக்காக அன்று என்பதை இதனால் உணரலாம்.

இக்கிருமியை மனிதனிடம் கொண்டு சேர்த்தது யார்? மனிதன்தான். வெதுவெதுப்பான நீரில் இது செழிக்கும். பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள், வெந்நீர்க் குழாய்கள், செயற்கை நீரூற்றுகள் ஆகியவை அந்நீரை நுண்துளியாக்கிக் காற்றில் தூவுகின்றன. பிலடெல்பியா விடுதியில் குளிரூட்டும் அமைப்பே பரப்பியது என ஆய்வாளர் கருதினர். ஆனால் நேரடிச் சான்று கிட்டவில்லை. கிட்டாததைக் கிட்டியதாக அவர்கள் சொல்லவும் இல்லை. இன்று அக்குழாய்களையும் கோபுரங்களையும் தூய்மையாய் வைக்கப் பல நாடுகளில் விதிகள் உண்டு.

இத்துடன் கதை முடிந்தது என்று மகிழ வேண்டா. இன்று ஒரு குவளைச் சிறுநீரைக் கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் இந்நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்துவிட்டது. மிக நல்லது. ஆனால் அச்சோதனை பெரும்பாலும் பிடிப்பது லெஜியோனெல்லா நிமோஃபிலாவின் முதல் வகையை மட்டுமே. இக்குடும்பத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள. 'இல்லை' என்று வரும் அறிக்கையை அப்படியே நம்பும் மருத்துவர், 1976ஆம் ஆண்டின் பிழையைப் புதிய கருவி கொண்டு மீண்டும் செய்கிறார். புரதத்தை அளந்து சில நிமிடங்களில் கிருமிக்குப் பெயர் சொல்லும் கருவியும் வந்துள்ளது. அதுவும் தன் பட்டியலில் உள்ள பெயர்களைத்தானே சொல்லும்! மரபுப் பொருளைத் தேடும் சோதனையோ எதிர்ப்புறம் இழுக்கிறது. நலமாயிருப்பவர் தொண்டையிலும் எத்தனையோ கிருமிகள் குடியிருக்கின்றன; அத்தனையையும் அது காட்டும். அவற்றுள் நோய் தந்தது எது என்ற ஃபைஃபரின் கேள்வி மீண்டும் வாயிலில் வந்து நிற்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த 2,259 நிமோனியா நோயாளிகளைப் புதிய கருவிகள் கொண்டு ஆய்ந்து, 2015இல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? அவர்களுள் 38 விழுக்காட்டினரிடம் மட்டுமே நோய்க்கிருமி அகப்பட்டது! எஞ்சியோர் நோய்க்குக் காரணம் இன்னும் சல்லடைக்குக் கீழே கிடக்கிறது.

பகுத்தறிவு என்பது பிறர் நம்பிக்கையை மட்டும் ஐயுறும் கலை என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. அது பாதி வேலை, எளிய பாதி. நாம் நம்பும் கருவியை, நாம் கற்ற முறையை, நம் கையிலுள்ள சல்லடையை ஐயுறுவதே அரிய பாதி. இல்லை என்று உரைக்குமுன், எதைக் கொண்டு தேடினோம் என்று கேட்போம். இதுவே என்று அறுதியிடுமுன், உடனிருந்தது காரணமாகுமா என்று கேட்போம். தெரியவில்லை என்றால் அதைத் தலைநிமிர்ந்து சொல்வோம். சொல்லிவிட்டுத் தடயத்தைக் காப்போம். மெக்டேட் ஆகஸ்டில் கண்ட அதே தகடுகளைத்தான் டிசம்பரிலும் கண்டார். தகடு மாறவில்லை, கிருமி மாறவில்லை. தாம் தள்ளியதை மீண்டும் எடுத்துப் பார்க்கும் துணிவு வந்தது. முப்பத்து நான்கு சாவுகளுக்கு விடை கிடைத்தது.